தொய்ந்த டேப்

பிரசவ விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பிய முதல் மாதம் அது. சாலை போடும் ஒரு நிறுவனத்தில் மூத்த க்யூ.எஸ். நான், முடிந்த வேலையை அளந்து பில்லுக்குக் கணக்கு எழுதுபவள். "கைக்குழந்தை இருக்கு, கொஞ்ச நாள் ஆபீஸ்லயே இருங்களேன்" என்று மேலாளர் சொன்னபோது, சைட்டுக்கே போகிறேன் என்று நின்றவளும் நான்தான். சலுகை கேட்டாள் என்று ஒருவரும் சொல்லிவிடக் கூடாது. அது வீம்பா பயமா என்று இன்றுவரை தெளிவில்லை.

வாடிப்பட்டிக்கு முன்னால் சாலையோர வடிகால் வேலை. பள்ளத்தில் குழாய் பதித்திருந்தார்கள். மாலைக்குள் மண் மூட வேண்டும். அதற்கு முன் அளந்தாக வேண்டும். மூடிய பிறகு சந்தேகம் வந்தால் தோண்டியா பார்ப்பது? டேப்பின் ஒரு முனை என் கையில், மறுமுனை மேற்பார்வைத் தரப்பு இன்ஜினியர் கையில். இரு தரப்பும் சேர்ந்து அளப்பதுதான் முறை. காலையில் வருவதாகச் சொன்ன அவர் மதியம்தான் வந்தார். வில்லாபுரத்து வீட்டில் விடிந்ததும் மகளுக்குப் பால் கொடுத்துவிட்டு வந்திருந்தேன். மார்பு கல்லாய்க் கனத்தது.

பாதி அளந்திருப்போம். மாமியார் போன் செய்தார்.

"எப்பம்மா வார? பாட்டில வாயிலயே வாங்க மாட்டேங்குறா. நானும் எம்புட்டு நேரந்தான் சமாளிக்கிறது?"

பின்னாலிருந்து மகளின் அழுகை கேட்டது. அதைக் கேட்ட கணமே பால் சுரந்துவிட்டது. வெளிர்நீலச் சுடிதார். மேலே போட்டிருந்த ஆரஞ்சு ஜாக்கெட் வெறும் வலைத்துணி, எதையும் மறைக்காது. ஈரம் பரவுவதை உணர்ந்ததும் எழுதும் அட்டையை இடது கையால் நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். டேப்புக்கு ஒற்றைக் கைதான் மிச்சம்.

குழாய் இணைப்புகள் துருத்திக்கொண்டிருந்ததால் டேப்பைத் தூக்கிப் பிடித்துத்தான் அளக்க முடியும். ஒற்றைக் கைக்கு அது விறைக்கவில்லை, நடுவில் தொய்ந்தது. தொய்ந்தால் அளவு கூடும். கூடினால் எங்கள் பில் கூடும். எனக்குத் தெரியாததா? தெரிந்தும் அளவைச் சொன்னேன். சீக்கிரம் முடிந்தால் போதும் என்றிருந்தது.

"மேடம், ரெண்டு கையாலயும் இழுத்துப் பிடிங்க" என்றார் இன்ஜினியர்.

நான் அட்டையை எடுக்கவில்லை.

"தொட்டில் கட்டுன மாதிரி தொங்குது. இதுக்கா அளவு சொல்றீங்க?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். காரில் துப்பட்டா கிடந்தது. கார் வரைக்கும் போய்விட்டு வருகிறேன் என்று சொன்னால் முடிந்தது. ஏனோ வாய் வரவில்லை. ஈரத் துணியைக் காட்டுவதா, அளவில் களவு செய்தவள் என்று பெயர் வாங்குவதா? களவுப் பெயரே தேவலை என்று நின்றேன்.

"சரி, நீங்க விட்ருங்க. எங்க ஆளுகளே ரெண்டு பக்கமும் பிடிக்கட்டும். முதல்ல இருந்து வருவோம்."

அவர்கள் சொல்லச் சொல்ல, நெஞ்சில் சாய்த்த அட்டையிலேயே எழுதினேன். நான் சொன்னதைவிட ஒரு சாண் குறைந்தது. இன்ஜினியர் புது அளவில் கையெழுத்துப் போட்டார். என்னை ஒரு முறை பார்த்தார், அவ்வளவுதான்.

காருக்கு நடந்தபோது, குழாய் பதிக்கும் ஆட்களின் மேஸ்திரி கூடவே வந்தார்.

"மேடம், நீங்க நம்ம பக்கம்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சுச்சு. ஆனா இம்புட்டா தொய்ய விடுறது? லேசா விட்டா அந்தாளுக்குத் தெரிஞ்சே இருக்காது. பழக்கமில்லேல்ல, போகப் போக வந்துரும்."

பாராட்டுகிறார். இல்லை அண்ணே, அப்படியில்லை என்று சொல்ல வேண்டும். சொன்னால், பிறகு ஏன் தொய்ந்தது என்றும் சொல்ல வேண்டும்.

"அடுத்த தடவ பாத்துக்கலாம்ண்ணே" என்றேன்.

வீட்டில் மகள் விக்கி விக்கிக் குடித்தாள். சொல்லியிருந்தால் அந்த இன்ஜினியரே திரும்பி நின்றிருப்பாரோ என்னவோ. எத்தனையோ முறை யோசித்துவிட்டேன். அவர் இப்போதெல்லாம் என்னோடு அளக்கும்போது டேப்பின் நடுவைத்தான் பார்க்கிறார். மேஸ்திரி என்னைக் கண்டால் ஒரு மாதிரி சிரிக்கிறார்.

நான் தேவைக்கு மேலேயே இழுக்கிறேன். "மெதுவா மேடம், அந்துரும்" என்று மறுமுனையிலிருந்து குரல் வருகிறது. தளர்த்தக் கை வருவதில்லை.