காலிக் கிடங்கில் பார்த்த வண்டி

ஆயுத பூஜைக்குக் கிடங்கை ஒழிப்பது அந்த உரத் தொழிற்சாலையின் வழக்கம். மூட்டைகளை முற்றத்தில் அடுக்கித் தார்ப்பாய் போர்த்திவிட்டு, தரையைக் கழுவிக் கோலமிடுவார்கள். கும்மிடிப்பூண்டி நெடுஞ்சாலையோரம் இருந்த அந்த ஆலைக்கு, 1974-இல், நல்ல நாள் என்று அன்றைக்கே, மூட்டைகளைத் தூக்கி அடுக்கும் இரண்டு ஃபோர்க்லிஃப்ட் வண்டிகளை ஓட்டிக் காட்ட வரவழைத்தார் மேலாளர். ஒன்று பெரிய டீசல் வண்டி. மற்றது பேட்டரியில் ஓடும் சிறிய வண்டி.

செங்கல்வராயன் அங்கே மூட்டை சுமந்தவன். வலத்தோள் இறங்கிப்போய், சட்டை மாட்டவும் மனைவி பூவம்மாளின் உதவி வேண்டியிருந்தது. டிராக்டர் ஓட்டத் தெரிந்தவன் என்பதால் மேலாளர் அவனையே ஓட்டிப் பார்க்கச் சொன்னார்.

"எது தோதுன்னு நீயே சொல்லு. ஓட்டுற வேலையும் உனக்குத்தான்."

இரண்டுமே அந்த வெற்றுத் தரையில் தாராளமாகத் திரும்பின. லாரி வந்து நிற்கும் மேடைக்கு ஏறும் சரிவில் சிறியது முனகியது. டீசல் உறுமிக்கொண்டு ஏறியது.

"தூக்கு நைனா! இது எருமை, அது ஆட்டுக்குட்டி!" என்று சுமைக்காரர்கள் கூவினார்கள்.

"பெருசே இருக்கட்டும் சார்," என்றான் செங்கல்வராயன். கொள்முதல் தாளில் கையெழுத்திட்டவர் மேலாளர்.

மறுநாள் மூட்டைகள் உள்ளே வந்தன. அடுக்குகளுக்கு நடுவே பழைய சந்துகளே மிஞ்சின. டீசல் வண்டி சந்துக்குள் நுழைந்தது, திரும்பவில்லை. பின்னோக்கியே ஓட்டிவந்து மேடையில்தான் வளைக்க வேண்டும். கதவை மூடிய மழை நாள்களில் அதன் புகையில், சாக்கு தைக்கும் எல்லம்மா வாந்தியெடுத்தாள்.

"இன்னாய்யா வண்டி இது? ஊட்ல அடுப்புப் புகை பத்தாதுன்னு இங்க வந்து சாவணுமா?"

செங்கல்வராயன் மேற்பார்வையாளர் ரங்கசாமியிடம் போய்க் கெஞ்சினான்.

"ரெண்டு பக்கமும் ஒரு வரிசை எடுத்துட்டா திரும்பிடும் சார்."

"எடுத்து எங்க வெப்பே, உன் தலையிலயா? நீ பொறுக்கின வண்டி. ஓட்டு, இல்லாங்காட்டி எறங்கு."

இறங்கினால் மறுபடி மூட்டை. அந்தத் தோளோடு அது நடவாது. ஆகவே ஓட்டினான். பொங்கலுக்கு முன் சரக்கு நெரிசலில், பின்பக்கம் தெரியாமல் வளைத்தபோது வண்டியின் பின்புறம் அடுக்கில் இடித்தது. மூட்டைகள் சரிந்து வண்டியை இரு பக்கமும் இறுக்கிக்கொண்டன. ஆளுக்குக் காயமில்லை; வண்டியை மீட்க அடுக்கு முழுவதையும் கையால் இறக்க வேண்டியிருந்தது. அவனும் இறங்கிச் சுமந்தான். அதன்பின் சாவி அவன் கைக்கு வரவே இல்லை. 'ஓட்டுநரின் கவனக்குறைவு' என்று பதிவேட்டில் எழுதினார்கள்.

இடத்தோளில் சுமக்கப் பழகினான்.

அடுத்த ஆயுத பூஜைக்குப் பழைய வண்டியைக் கொடுத்துவிட்டு வேறொன்று வாங்குவதாகப் பேச்சு. விற்பனையாளர் புது வண்டியோடு வாசலில் நின்றார். முன்னதைவிடப் பெரியது. சுமைக்காரர்கள் வழக்கம்போல மூட்டைகளை வெளியே எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"சார், காலி பண்ண வாணாம். மூட்டையோட ஓட்டிப் பாக்கட்டும். இத்த மட்டும் கேளுங்க," என்றான் செங்கல்வராயன்.

"பூஜை போட வாணாமா? போன வருசம் சொன்னியே, அது பத்தாதா?" என்றார் ரங்கசாமி.

கடைசி மூட்டை அவன் தோளில் இருந்தது. அதை வாசலுக்குக் கொண்டுபோகாமல், அடுக்கு இருந்தால் சந்தின் ஓரம் எங்கே வருமோ அங்கேயே இறக்கிவைத்து அருகில் நின்றான். போ என்றார்கள்; நகரவில்லை. யாரோ சிரித்தார்கள். அவனை விட்டுவிட்டுச் சுற்றிலும் தரையைக் கழுவிக் கோலமிட்டார்கள்.

புது வண்டி உள்ளே வந்தது. விற்பனையாளரின் ஆள் ஒலியெழுப்பியபடி, கோலத்தை அழிக்காமல், அவனையும் மூட்டையையும் தூணைச் சுற்றுவதுபோல் அகலமாகச் சுற்றி வந்தான்.

"சூப்பராத் திரும்புது," என்றார் மேலாளர்.