தென்பெண்ணையில் பாதிப் பயணம்

போன வாரம் நாகரசம்பட்டிப் பக்கம் ஒரு காரியத்துக்குப் போய்வந்தோம். இறந்தவர் எங்களுக்குச் சொந்தமில்லை. அவர் உயிரோடு இருந்தபோது நாங்கள் பார்த்ததுகூட இல்லை.

நடந்ததைச் சொல்கிறேன்.

என் கணவர் கடலூர்க்காரர். பாகலூர் பக்கம் ஒரு பேக்டரியில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். இங்கே ஓசூரில் ஓடுகிற தென்பெண்ணைதான் அவர் ஊரில் போய்க் கடலில் சேர்கிறது. “அது போற வழியிலேயே நானும் ஒரு தடவை ஊருக்குப் போகணும்” என்று பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆனால் ஓசூரில் ஆறு கழிவுநீரால் நுரைத்துக்கொண்டு போகிறது... அங்கே யார் இறங்குவது? அதனால் கிருஷ்ணகிரி அணைக்குக் கீழே, மிதமாகத் தண்ணீர் ஓடும் நாளாகப் பார்த்து இறங்கினோம். இருவர் உட்காரும் ரப்பர் படகு, துடுப்பு, லைஃப் ஜாக்கெட், கொஞ்சம் அவல். தடுப்பணை வந்தால் படகைத் தூக்கிக்கொண்டு நடப்பது, பொழுது சாய்வதற்குள் கரையேறுவது – இதுதான் திட்டம்.

முதல் நாள் சுகமாகப் போயிற்று. மறுநாள் காலை ஒரு மாந்தோப்புக் கரையில் கூட்டமாக ஆட்கள் கையசைத்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே கையசைத்தேன்.

அப்புறம்தான் அந்தக் குரல் கேட்டது. “அண்ணா, நில்லுங்கண்ணா! எங்க தம்பி தண்ணில போயிட்டான்ணா!”

இடுப்பளவு தண்ணீரில் நின்று கத்தியவர் பெயர் முனியம்மா. தம்பி மாதேஷ் ஓசூரில் கம்பெனி வேலை, லீவில் வந்தவர். குந்தாரப்பள்ளி சந்தையில் வாங்கிய கன்றுக்குட்டியை ஆறு இழுத்திருக்கிறது. கயிற்றைப் பிடிக்க இறங்கியிருக்கிறார். கன்று கொஞ்சம் தள்ளிக் கரையேறிவிட்டது. அவர் ஏறவில்லை. தேடப் போன ஆட்களும் வெறுங்கையோடு திரும்பியிருந்தார்கள்.

“தீயணைப்புக்காரங்க வந்துட்டிருக்காங்க. ஊர்ல ஒரு படகு இல்லண்ணா...”

கணவர் என்னைப் பார்த்தார். “போலாம்” என்றேன்.

கரையோரமாகவே தேடினோம். நாணல் புதர், பாறை இடுக்கு என்று ஒவ்வொன்றாகப் பார்த்தோம். எங்காவது ஒரு கிளையைப் பிடித்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருக்க மாட்டாரா?

வளைவுக்கு அப்பால், சாய்ந்த மரத்தின் வேரில் ஒரு நீலச் சட்டை சிக்கியிருந்தது. கணவர் மாதேஷின் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். என்னைப் பார்த்து, உயிர் இல்லை என்று தலையை ஆட்டினார்.

படகில் ஏற்றினால் கவிழ்ந்துவிடும். என் துப்பட்டாவால் அவரைப் படகின் ஓரத்தோடு கட்டினோம். கணவர் துடுப்பு போட, மாதேஷின் கையை நான் பிடித்துக்கொண்டேன். எதிர்நீரில் படகு நகரவே மாட்டேன் என்றது. யாரென்றே தெரியாத ஒருவர் கையை அவ்வளவு நேரம் நான் பிடித்திருந்ததே இல்லை.

எங்களைப் பார்த்ததும் கரையிலிருந்தவர்கள் தண்ணீரில் இறங்கினார்கள். முன்னால் வந்தவர் முனியம்மா.

“மெதுவா கொண்டாங்கக்கா... அவனுக்குத் தண்ணின்னா பயம்.”

அதுவரை அழுகையை அடக்கிவைத்திருந்தேன். அதற்குமேல் முடியவில்லை.

பயணத்தை அங்கேயே நிறுத்திக்கொண்டோம். மேலே போகலாம் என்று கணவர் கட்டாயப்படுத்தவில்லை, நானும் கேட்கவில்லை. படகைச் சுருட்டி வைத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டோம். ஆனால் வீட்டு மூலையில் அது கிடப்பதைப் பார்க்கும்போதெல்லாம் இருவருக்குமே மாதேஷ் ஞாபகம்தான் வந்தது.

காரியத்துக்குப் போனபோது அந்தப் படகையும் எடுத்துப் போனோம். “இது இங்க இருக்கட்டும்” என்று ஊர்க்காரர்களிடம் கணவர் சொன்னார். எல்லோரும் சுற்றி நின்று பார்த்தார்கள். யாரும் தொடவில்லை.

முனியம்மாதான் வந்தார். “இத ஓட்டக் கத்துக்கலாமாண்ணா?”

“உனக்கெதுக்கும்மா இது? ஆம்பளைங்க பாத்துக்குவாங்க” என்றார் ஒரு பெரியவர்.

“அன்னைக்கும் ஆம்பளைங்க இருந்தாங்களே மாமா. படகுதான இல்ல?”

ஆறு அன்று அடங்கி ஓடியது. முனியம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, லைஃப் ஜாக்கெட்டோடு படகில் உட்கார்ந்தார். கணவரும் ஏறிக்கொண்டார். துடுப்பைப் பிடித்த முனியம்மாவின் கைகள் கிடுகிடுவென்று நடுங்கின.

என்னைத் திரும்பிப் பார்த்து, “தள்ளி விடுங்கக்கா” என்றார்.

தைரியம் என்றால் கை நடுங்காது என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்!