எட்டு சிலிண்டர் முதலாளியம்மா

அந்தப் பழைய அமெரிக்கக் கார் ராயபுரத்தில் முதலாளியம்மா வீட்டில் கிளம்பினால், ஊருக்கு வெளியே முதலிபாளையத்தில் எங்கள் பனியன் கம்பெனி டீ மாஸ்டர் பாலை அடுப்பில் வைத்துவிடுவார் என்று கிண்டல் செய்வோம். சத்தம் அப்படி! எட்டு சிலிண்டர். முதலாளியம்மா ஒரு மிதி மிதித்தால் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொள்ளும். பெட்ரோலைக் குடம் குடமாய்க் குடிக்கும். ஏசி கிடையாது, இறங்கும்போது புடவை நனைந்திருக்கும். ஸ்டியரிங் இடப்பக்கம் இருந்ததால், லாரியை முந்தும்போது எதிரே வருவது அவருக்குத் தெரியாது. வலப்பக்கம் உட்கார்ந்த நான்தான் எட்டிப் பார்த்து, "வாங்க மேடம், ரோடு காலியாக் கெடக்கு" என்று சொல்ல வேண்டும். திருநெல்வேலியிலிருந்து, ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சன்டைசர் வேலைக்கு வந்தவளுக்கு இப்படியொரு கூடுதல் உத்தியோகம். பயத்தில் உயிரே போகும். ஆனாலும் ஒருநாள்கூட அந்த சீட்டை நான் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

வீட்டுக்கும் கம்பெனிக்கும் ஓடி ஓடி உழைத்தவர், தனக்கென்று ஆசைப்பட்டு வாங்கியது அது ஒன்றைத்தான். அதுவோ அடிக்கடி நடுரோட்டில் நின்று மானத்தை வாங்கியது. கம்பெனியில் பங்குதாரரான அவருடைய அண்ணனுக்குக் கடுப்பு. ஆயுத பூஜைக்கு எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு கிளம்பாவிட்டால் விற்றுவிட வேண்டும் என்றார். முதலாளியம்மாவும் ரோஷத்தில் தலையாட்டிவிட்டார். அண்ணன் கோயம்புத்தூரிலிருந்து வாங்குகிறவரையே வரவழைத்துவிட்டார்.

பூஜையன்று டெய்லர்கள், செக்கிங் பெண்கள் எல்லோரும் சுற்றி நின்றோம். முதலாளியம்மா சாவியைத் திருகினார். வண்டி உறுமியது, இருமியது, அணைந்தது. மறுபடியும் அதே கதை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"போதும் அம்மிணி, குடுத்துப்போடலாம்" என்றார் அண்ணன்.

"கொஞ்சம் இருங்கண்ணா" என்று இறங்கினார். பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு பானட்டைத் திறந்து, இன்ஜின் மேலிருந்த வட்ட மூடியைக் கழற்றினார். உள்ளே, இன்ஜினுக்குக் காற்று போகும் கார்புரேட்டர் வாயில் ஒரு ரோஸ் நிறப் பனியன் துணி! காலையில் கம்பெனிக்கு வந்ததும் இன்ஜினைத் துடைக்கும்போது தூசி விழாமலிருக்க அவரே அடைத்து, எடுக்க மறந்து மூடியது. இந்தப் பனியன் ஊரில் எதற்கெடுத்தாலும் வெட்டி மிஞ்சிய பனியன் வேஸ்ட்தானே! "அட கெரகமே, நான் வெச்சதுதானுங்க" என்று வாய்விட்டுச் சிரித்தார். கூட்டமே சிரித்தது.

அடுத்த திருகலில் தகர ஷெட் அதிர்ந்தது. பழங்கள் நசுங்கின. பேக்கிங் பையன்கள் விசிலடித்தார்கள். அண்ணனே வாய் பிளந்து நின்றார். கோயம்புத்தூர்க்காரரோ, காரை வாங்கி ஓட்டிக்கொண்டே திரும்பிவிடலாம் என்று பஸ்ஸில் வந்திருந்தார். முதலாளியம்மா அவர் பக்கமாக வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினார்.

"ஏறுங்க, பஸ் ஸ்டாண்டுல எறக்கி உட்டுட்டு வந்தர்றேனுங்க."