ஐந்து சென்ட் போணி

இரண்டு வருடங்களுக்கு முன்பு, பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை. நியூ ஜெர்சியில், நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு சின்ன ஊரில், எங்கள் சாப்பாட்டுக் கடையில் நடந்தது இது. இப்போது நினைத்தாலும் உடம்பெல்லாம் பரபரவென்று ஆகிவிடுகிறது.

எனக்குக் கோபம் அதிகம், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நயமாகப் பேசவும் வராது. ஜெர்சி சிட்டியில் ஒரு வங்கிக்குக் கான்ட்ராக்டில் பல வருடம் கம்ப்யூட்டர் வேலை பார்த்தேன். ஒரு நாள் மீட்டிங் என்று கூப்பிட்டு, இனி வர வேண்டாம் என்று சிரித்துக்கொண்டே சொன்னார்கள். வேலை போனதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். அந்தச் சிரிப்பைத்தான் பொறுக்க முடியவில்லை. இனி எவனிடமும் கைகட்டி நிற்பதில்லை என்று, இருந்த சேமிப்பைப் போட்டு ஒரு டைனரைக் குத்தகைக்கு எடுத்தேன்.

டைனர் என்றால் ரயில் பெட்டி மாதிரி நீளமாக, வெளியே பளபளவென்று தகடு அடித்த சாப்பாட்டுக் கடை. உள்ளே நீளக் கவுண்டர், அதன் முன்னால் சுழலும் ஸ்டூல்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு கட்டியது எங்களுடையது. என் மனைவி ஈரோட்டுக்காரி. அவள் தோசைக்கு ஊரே வரும் என்று நம்பினேன்.

ஒருவரும் வரவில்லை. உள்ளூர்க்காரர்கள் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்துவிட்டு நடையைக் கட்டினார்கள். நம் ஆட்களோ இந்தியக் கடைகள் வரிசையாக இருக்கும் ஊருக்குப் போய்விடுவார்கள். மார்ச்சோடு கடையை மூடிவிட்டு டெக்ஸாஸுக்கு வேலைக்குப் போவது என்று முடிவாகிவிட்டது. மறுபடியும் கான்ட்ராக்ட், மறுபடியும் கைகட்டி நிற்பது.

கடையைப் புதுப்பித்தபோது சுவரின் மரப் பலகைக்குப் பின்னால் ஒரு பழைய விலைப் பலகை கிடைத்திருந்தது. இரும்புத் தகட்டில் சிவப்பும் வெள்ளையுமாக எழுதியது. ஹாம்பர்கர் இருபது சென்ட். ஆப்பிள் பை பதினைந்து. காபி பத்து. எனக்கு ஒரே குஷி. கவுண்டருக்கு மேலே மாட்டி, அதற்குக் கீழே 'அதுவல்லவோ பொற்காலம்' என்று ஆங்கிலத்தில் கொட்டை எழுத்தில் ஒரு காகிதமும் ஒட்டினேன். பார்த்து நாலு பேர் வருவார்கள் என்று ஓர் ஆசை.

அந்தச் சனிக்கிழமை காலை, கடையைத் திறந்து வெகுநேரம் ஈ கூட நுழையவில்லை. அப்போதுதான் ஒரு வெள்ளைக்கார அம்மா வந்தார். எண்பத்தைந்துக்கு மேல் இருக்கும். நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு, உதட்டில் அடர்சிவப்புச் சாயத்தோடு, சண்டைக்கு வருகிறவர் மாதிரி வந்தார். ஸ்டூலில் ஏறி உட்கார்ந்து, கைப்பையிலிருந்து ஒரு ஐந்து சென்ட் காசை எடுத்து டொக்கென்று கவுண்டரில் வைத்தார்.

"ஒரு காபி."

"மூணு டாலர், மேடம். பலகை சும்மா அலங்காரத்துக்கு," என்றேன்.

"பலகை பொய் சொல்லுது. இங்கே காபி அஞ்சு சென்ட்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. பலகையிலேயே பத்து என்றுதானே இருக்கிறது என்று கத்தினேன். அதைக் கழற்றிக் கீழே வை என்றார். எனக்கிருந்த கோபத்தில், பார்த்துத் தொலையட்டும் என்று கழற்றி வைத்தேன். அவர் அந்தக் காசின் விளிம்பால் பத்தைச் சுரண்டினார். சாயம் பொடிப்பொடியாக உதிர்ந்தது. அடியில் ஐந்து! பழைய விலையின் மேல் புது விலையைப் பூசியிருக்கிறார்கள். எத்தனை தடவை துடைத்திருப்பேன், என் கண்ணில் படவில்லை.

அப்புறம் கதையைச் சொன்னார். போர் முடிந்த சில வருடங்களில் அவர் சின்னப் பெண். சனிக்கிழமைதோறும் அப்பாவோடு இங்கே வருவாராம். அப்பாவின் சட்டைப்பையில் பதினைந்து சென்ட் இருக்கும். ஐந்து அப்பாவின் காபிக்கு. பத்து, கதவோரம் தொங்கும் படக்கதைப் புத்தகத்துக்கு. அதில் ஒரு தொடர்கதை. கதாநாயகி மலையுச்சியில் தொங்கிக்கொண்டிருந்த வாரம் காபி பத்து சென்ட் ஆகிவிட்டது. அப்பா காசைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், காபியைக் குடித்தார்.

"எங்க அப்பாவை மன்னிச்சுட்டேன். இந்தக் கடையை மன்னிக்கலை. அன்னைக்கு அழுதுகிட்டே போனவதான், இன்னைக்குத்தான் உள்ளே வர்றேன். முதலாளி மாறிட்டான்னு கேள்விப்பட்டேன். புது ஆள்கிட்டேயாவது நியாயம் கிடைக்குதான்னு பார்க்க வந்தேன்."

எழுபது வருடத்துக்கு மேலாக ஒரு ஐந்து சென்ட் கோபத்தை விடாமல் வைத்திருக்கிறார்! நானே கோபக்காரன், எனக்கே வியப்பாக இருந்தது. ஆனாலும் மூன்று டாலர் காபியை ஐந்து சென்டுக்கு எப்படிக் கொடுப்பது? மாட்டேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். சமையல்கட்டிலிருந்து என் மனைவி கரண்டியோடு ஓடி வந்தாள்.

"ஏனுங்க மாமா, போணி நேரத்துல வந்தவங்களத் திருப்பி அனுப்புவீங்களா? உங்களுக்கு என்ன கிறுக்கா? வாங்கிப் போடுங்க காசை."

எங்கள் வீட்டில் கோபம் என்னுடையது, தீர்ப்பு அவளுடையது. டம்ளரில் ஃபில்டர் காபி போட்டு ஆற்றிக் கொண்டுவந்து வைத்தாள். காசைக் கண்ணில் ஒற்றிக் கல்லாவில் போட்டாள். அந்த அம்மா அதைக் குறுகுறுவென்று பார்த்துவிட்டு, என்ன செய்கிறாய் என்றார். அன்றைய முதல் வியாபாரம், எங்களுக்கு அது சாமி மாதிரி, விலை பேசி விரட்டினால் நாளே விளங்காது என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் விளக்கினேன். போணி, போணி என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். காபியை ஒரு மிடறு குடித்தார். கண் விரிந்தது.

"ஹனி, இது பத்து சென்ட் காபிதான். ஆனா அஞ்சுக்கு மேலே தர மாட்டேன்."

குடித்து முடித்து யாருக்கோ போன் செய்துவிட்டுப் போனார். நான் பலகையைப் பழையபடி மாட்டினேன். தொலைந்தது சனி என்று நினைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. முதியோர் குடியிருப்பின் வேன். திமுதிமுவென்று ஒரு கூட்டம் இறங்கியது. கைத்தடி, நடைவண்டி, சக்கர நாற்காலி. முன்னால் அதே சிவப்பு உதடு. எல்லோர் கையிலும் ஐந்து சென்ட் காசு!

"போணி! போணி!" என்று கோஷம் வேறு.

"போணி ஒருத்தருக்குத்தான்! முதல் ஆளுக்கு மட்டும்தான்!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். அந்த அம்மா என்னைவிடச் சத்தமாக, போணியைப் பற்றி ஏதோ பிறந்ததிலிருந்து தெரிந்தவர் மாதிரி அவர்களுக்குப் பாடம் எடுக்க ஆரம்பித்தார். முக்கால்வாசி தப்பு. யார் கேட்டார்கள்? சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார்கள். என் மனைவி தோசையைச் சுடச்சுடத் தட்டில் தள்ளினாள். விலையைச் சொன்னேன், முணுமுணுக்காமல் கொடுத்தார்கள். ஒரு பெரியவர் தேங்காய்ச் சட்னியை ஐஸ்கிரீம் என்று நினைத்துத் தனியாக ஒரு கிண்ணம் கேட்டு, கரண்டியால் வழித்துச் சாப்பிட்டுவிட்டு இன்னொன்று கேட்டார்.

என்ன பேச்சு, என்ன கூச்சல்! இந்த மூலையில்தான் பாட்டுப் பெட்டி இருந்தது, காசு போட்டால் பாடும், போடாதவனும் ஆடுவான் என்றார் ஒருவர். தெருவுக்கே ஒரு வீட்டில்தான் டி.வி. இருந்ததாம். பெட்டி பீரோ அளவு, திரை தோசைக்கல் அளவுகூட இருக்காதாம். குத்துச்சண்டை பார்க்கத் தெருவே அந்த வீட்டுத் தரையில் உட்காருமாம். காரிலேயே உட்கார்ந்து படம் பார்க்கும் திறந்தவெளி தியேட்டருக்கு, டிக்கெட் வாங்காமல் டிக்கிக்குள் ஒளிந்துகொண்டு போனதை ஒரு பாட்டி நடித்தே காட்டினார். எல்லாம் எவ்வளவு மலிவு என்று ஒருவர் பெருமூச்சு விட, உங்க அப்பா சம்பளமும் அவ்வளவு மலிவுடா என்று இன்னொருவர் சொல்ல, கடையே குலுங்கியது. எனக்குக் கை கால் ஓடவில்லை. என் கடையில் உட்கார இடமில்லை!

ஒரே ஒருவர் மட்டும் உட்காரவில்லை. உயரமான கறுப்பினப் பெரியவர். கோட்டைக் கழற்றாமல், பாதி திறந்த கதவோரம் நின்று பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மா, வந்து உட்காரப்பா, எவ்வளவு நேரம் குளிரை உள்ளே விடுவாய் என்று அதட்டினார். அவர் நகரவில்லை. நான் ஒரு ஸ்டூலைத் துடைத்துக் காட்டி, பலகையைச் சுட்டி, "பார்த்தீங்களா சார், உங்க காலத்துல காபி அஞ்சு சென்ட்," என்று பல்லைக் காட்டினேன்.

"இந்தம்மாவுக்கு அஞ்சு சென்ட். எனக்கு எந்த விலைக்கும் கிடையாது," என்றார்.

சிறுவனாக அப்பாவோடு வந்திருக்கிறார். இந்த ஊரில் அப்போது வரிசை வரிசையாகப் புது வீடுகள் கட்டினார்கள். அவர் அப்பா அங்கே சிமென்ட் வேலை. கறுப்பர் என்பதால் அந்த வீடுகளில் ஒன்றைக் காசு கொடுத்தாலும் அவருக்கு விற்க மாட்டார்கள். டைனருக்கு வந்தால் இடமில்லை என்பார்கள். இருந்த ஸ்டூலெல்லாம் காலியாகக் கிடக்கும். பின்கதவு வழியாகக் காகிதக் கப்பில் காபி வரும். அப்பா குளிரில் நின்று குடிப்பார். மகன் கதவிடுக்கில் உள்ளே பார்ப்பான். கதவிலிருந்து மூன்றாவது ஸ்டூல்தான் தெரியுமாம், அதன் சிவப்பு மெத்தையும்.

அவர் குரலை உயர்த்தவே இல்லை. ஒரே முதியோர் குடியிருப்பில் பல வருடம் ஒன்றாக இருந்த அந்த அம்மாவுக்கே இது தெரியாது போலிருக்கிறது. பெரியவர் கதவுப் பிடியில் கை வைத்தார். போய்விடுவார் என்றே நினைத்தேன். அவர் போய்விட்டால் அன்றைக்கு வந்த கூட்டமெல்லாம் எனக்கு எதற்கு?

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. பலகை மேல், அதை எடுத்து மாட்டிய என் மேல். பாய்ந்து போய்ப் பலகையைப் பிடித்து இழுத்தேன்.

"விடு அதை," என்றார். "அதைக் கழட்டிட்டா நான் சொல்றதை யார் நம்புவாங்க? கீழே ஒட்டியிருக்கே காகிதம், அதை எடு."

பொற்காலக் காகிதத்தைக் கிழித்தேன். நாலாகக் கிழித்துக் குப்பையில் போட்டேன். அவர் கோட்டைக் கழற்றினார். மூன்றாவது ஸ்டூலில் தோசை தின்றுகொண்டிருந்தவர் தட்டைத் தூக்கிக்கொண்டு தானாக எழுந்தார். பெரியவர் மெதுவாக வந்து உட்கார்ந்தார். அப்புறம் என்ன செய்தார் தெரியுமா? ஸ்டூலைக் காலால் உந்தி ஒரு சுற்றுச் சுற்றினார். இன்னொரு சுற்று. எண்பத்தைந்து வயது ஆள்! அந்த அம்மாதான் முதலில் கை தட்டினார். பிறகு கடையே தட்டியது. நான் அழுதேன், அதை ஒளிக்க மாட்டேன்.

என் மனைவி வீட்டிலிருந்து கொண்டுவந்து கடையில் வைத்திருந்த வெள்ளி டம்ளரில், எங்கள் கல்யாணத்துக்கு வந்ததில், காபி ஊற்றி அவர் முன்னால் வைத்தாள்.

"அஞ்சு சென்டு வாங்கிக்கோங்க மாமா. இதுதான் போணி."

"போணி காலையிலேயே ஆச்சேடி?"

"அது பழைய சண்டையத் தீர்த்ததுங்க. போணி இதுதான்."

அவர் காசை நீட்டினார். இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றினேன். வாழ்க்கையில் சாமி கும்பிட்டபோதுகூட அப்படி ஒற்றியதில்லை.

டெக்ஸாஸுக்குப் போகவில்லை. அந்தக் கூட்டம் தினமும் வருவதால் கடை ஓடுகிறது, பலகையும் இருக்கிறது. தினமும் முதல் காபி ஐந்து சென்ட். அதற்காக அந்த அம்மாவும் அந்தப் பெரியவரும் விடியும் முன்பே வாசலில் வந்து நின்று, யார் முதலில் என்று சண்டை போடுகிறார்கள். நானும் சேர்ந்து கத்துகிறேன். அந்தக் காலத்தில் எல்லாம் மலிவு என்று யாராவது என் கவுண்டரில் உட்கார்ந்து பெருமூச்சு விட்டால், காபியை வைத்துவிட்டு நான் கேட்பது ஒன்றுதான்: யாருக்கு?