கலவைக்கு ஊற்றாத தண்ணீர்

தொழிற்சாலையில் வார்த்துக் கொண்டுவந்த கான்கிரீட் தூண்களை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தும்போது, கீழ்த்தூணின் கம்பிகள் மேல்தூணில் பதித்திருக்கும் இரும்புக் குழல்களுக்குள் நுழையும். மிச்ச இடைவெளியை ஒரு சிமெண்டுக் கலவை நிரப்பும். அதை உருவாக்குவதுதான் என் வேலை. திண்டுக்கல் பைபாஸ் ஓரம், ஏசி போட்ட ஆய்வறை. கண்ணாடியில் ஊற்றினால் தோசை மாவாக ஓட வேண்டும். மறுநாள் கல்லாக நிற்க வேண்டும். எத்தனையோ சேர்மானங்களுக்குப் பிறகு அது கைகூடியபோது எனக்குத் தலைகால் புரியவில்லை.

முதல் களச்சோதனை அகரம் பக்கம், சித்திரை வெயிலில். கலவை மிஷினை ஓட்டியவர் ஓர் அக்கா. வருடக்கணக்கில் கலவைச் சட்டி சுமந்தவர். அந்த மாதம்தான் மிஷின் அவர் கைக்கு வந்திருந்தது.

"சார், டேங்க் தண்ணி கொதிக்குது. இதை ஊத்துவமா?" ஈரச்சாக்கு சுற்றிய குடிதண்ணீர்ப் பானையைக் காட்டினார்.

"அப்புறம் நீங்க என்னத்தக் குடிப்பீங்க? அளவு மாறக் கூடாதுக்கா."

"அளவு அம்புட்டும் அதேதான் சார். சூடுதான் வேற."

நான் சிரித்துக்கொண்டே அளவுக் குவளையை டேங்க் குழாயில் பிடித்தேன்.

மூன்றாவது குழலிலேயே பம்ப் திணறியது. குழலின் கீழ்த் துளையில் செலுத்திய கலவை மேல் துளையில் எட்டிப் பார்க்கவே இல்லை, உள்ளேயே இறுகிவிட்டது. சைட் இஞ்சினியர் ஓடி வந்தார்.

"என்னய்யா ஆச்சு?"

"அக்கா கலக்க நேரமாயிருச்சு சார்" என்றேன். எப்படி அவ்வளவு சட்டென்று வந்ததோ!

அக்கா என்னை ஒருமுறை பார்த்துவிட்டு மிஷினைக் கழுவப் போனார். மறுநாள் மிஷின் வேறு கைக்குப் போனது. அவர் திரும்பவும் சட்டி தூக்கினார். பிறகு வேலைக்கே வரவில்லை.

ஒரு வாரம் கழித்து, ஆய்வறையில் தண்ணீரைச் சூடாக்கிக் கலந்து பார்த்தேன். கண்ணாடியில் கலவை ஓடவில்லை, குவிந்து நின்றது. தப்பு தண்ணீர்ச் சூட்டில்தான், அக்கா மேல் இல்லை என்று இஞ்சினியரிடம் போய்ச் சொன்னேன். "விடுங்க, வேற ஆள் போட்டாச்சு" என்றார்.

அகரத்தில் அக்காவின் வீட்டுக்கும் போனேன். பூப் பறிக்கக் கிளம்பிக்கொண்டிருந்தார். நான் சொன்னதைக் கேட்டுச் சிரித்தார்.

"இப்பத்தான் பானைத் தண்ணி நல்ல தண்ணி ஆச்சாக்கும்? அன்னைக்கு அந்த மனுசன் முன்னால சொல்லிருந்தா மிஷின் என் கையில இருந்திருக்கும். இப்ப எங்கிட்டச் சொல்லி என்ன சார் செய்ய? பூ காயுது, வாரேன்."

இப்போது எங்கள் கலவை மூட்டையில் ஒரு வரி அச்சாகிறது: வெயிலில் நின்ற தண்ணீரில் கலக்கக் கூடாது. நான் எழுதிக் கொடுத்ததுதான். நல்ல யோசனை என்று ஆபீஸில் கைதட்டினார்கள். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.