டிரம்மில் ஓடிய என்ஜின்

ஏழுமலை அண்ணன் இன்று காலையில் போய்விட்டார். நெஞ்சு வலிக்குது என்றிருக்கிறார்... பாண்டிச்சேரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

வெளியூர் நண்பர்களுக்காகச் சொல்கிறேன். மரக்காணம் பக்கம் எங்கள் குப்பத்து ஃபைபர் போட்டுகளுக்கெல்லாம் அவர்தான் மெக்கானிக்.

கடற்கரை ஆள் கிடையாது. உப்பளத்துக்குத் தண்ணீர் இறைக்கிற மோட்டாரில் தொழில் பழகி, அப்புறம்தான் போட் என்ஜினில் கை வைத்தார்.

என் தம்பி சதீஷ் செத்தது அவர் ரிப்பேர் பார்த்த என்ஜினால். பதினோரு வருஷமாக இந்த ஊருக்கே அப்படித்தான் தெரியும்.

அப்போதெல்லாம் அவர் ஷெட்டிலேயே டெஸ்ட் பண்ணிவிடுவார். பெரிய பிளாஸ்டிக் டிரம்மில் தண்ணீரை ரொப்பி, என்ஜினை அதன் விளிம்பில் மாட்டி, கயிற்றை ஒரு இழு. எங்கள் என்ஜின் அன்று அரை மணி நேரம் நிற்காமல் ஓடியது.

"எடுத்துட்டுப் போப்பா, ஒண்ணும் ஆவாது" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

மறுநாள் காலை அலை உடையும் இடத்தைத் தாண்டும்போது அது நின்றுவிட்டது. போட் பக்கவாட்டில் திரும்பி அப்படியே கவிழ்ந்தது. நான் மேலே வந்துவிட்டேன். சதீஷ் போட்டுக்கு அடியில்...

அவனுக்கு இருபத்திரண்டு வயசு.

சாவு வீட்டில் ஏழுமலை அண்ணனைக் கன்னத்தில் அறைந்தேன். ஊரே பார்த்தது. அவர் கையைக்கூடத் தூக்கவில்லை, நின்ற இடத்திலேயே நின்றார்.

அந்த என்ஜினை அவர் கேட்டு வாங்கிப்போய் ஒவ்வொரு பாகமாகப் பிரித்திருக்கிறார். பெட்ரோல் போகிற குழாயில் மயிரிழை மாதிரி ஒரு விரிசல். டிரம்மில் சும்மா ஓடும்போது தெரியாது, அலை தூக்கிப் போடும்போது காற்று புகுந்துவிடுமாம்.

அதிலிருந்து ஒரு பழக்கம் வைத்துக்கொண்டார். எந்த என்ஜினை ரிப்பேர் பார்த்தாலும் முதல் தடவை கடலில் இறக்கும்போது அந்த போட்டில் அவரும் ஏறுவார். வலை, ஐஸ் பெட்டி, ஆளுங்க, எல்லா வெயிட்டோடும் அலையைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்தால்தான் என்ஜின் உனக்கு.

இதில் கொடுமை என்னவென்றால் மனுஷனுக்குக் கடல் ஒத்துக்கொள்ளவே ஒத்துக்கொள்ளாது. ஏறியதிலிருந்து இறங்கும்வரை வாந்திதான்.

"மெக்கானிக்கு மீனுக்குச் சாப்பாடு போடுறாருடா" என்று பசங்க கத்துவார்கள். வாயைத் துடைத்துக்கொண்டு "பேச்சக் கொற, த்ராட்டிலைத் திருகு" என்பார்.

அப்புறம் அவர் கை பட்ட என்ஜின் எதுவும் அலையில் நின்றதாக நான் கேள்விப்படவில்லை. குயிலாப்பாளையம் தாண்டியெல்லாம் ஆள் தேடி வந்தார்கள். பெரிய பேர்.

நான் நாலு வருஷம் அவர் ஷெட் பக்கமே போகவில்லை. பாண்டிச்சேரிக்கு டெம்போவில் ஏற்றிப் போவேனே தவிர அவரிடம் கொடுக்க மாட்டேன். அவ்வளவு வீம்பு.

ஒரு தடவை வேறு வழியில்லாமல் போனேன். நேற்றுதான் பேசி நிறுத்திய மாதிரி "வாப்பா, எறக்கி வை" என்றார். ரெண்டு நாளில் முடித்தார். என் போட்டில் ஏறினார், அதே இடத்தைத் தாண்டினோம், வாந்தி எடுத்தார். திரும்பி வந்து கரையில் உட்கார்ந்திருக்கும்போதுதான் கேட்டார்.

"ஏம்பா... அன்னிக்குக் கரையில ஸ்டார்ட் பண்றப்ப ஏதாச்சும் தெரிஞ்சுதா? நின்னு நின்னு ஓடுச்சா? சொன்னா நாலு பேருக்குச் சொல்லி வைப்பேன். அதுக்குத்தான் கேக்குறேன், வேற எதுக்கும் இல்ல."

"இல்லண்ணா, நல்லாத்தான் இருந்துச்சு" என்றேன்.

பொய்.

அன்று கரையிலேயே ரெண்டு தடவை நின்றது. "டேய் அண்ணா, இன்னொரு வாட்டி அவருகிட்டயே காட்டிட்டுப் போலாம்டா" என்று சதீஷ் சொன்னான். "டிரம்முல ஓடுச்சில்ல, ஏறுடா" என்று அவனை ஏற்றியது நான்.

இதை என் அம்மாவிடம் சொன்னதில்லை. என் மனைவிக்கும் இப்போது இதைப் படித்துத்தான் தெரியும்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னால் இன்னொரு தடவையும் கேட்டார். "யோசிச்சுப் பாருப்பா, என்ஜின் போட்ட சத்தம் கூட ஞாபகம் இல்லையா?" அப்போதும் இல்லை என்றேன். தலையை ஆட்டிவிட்டு ஸ்பானரைத் துடைக்க ஆரம்பித்தார்.

தெரிந்தே கேட்டாரோ என்னவோ... எனக்குத் தெரியாது. நான் வாயை மூடிக்கொண்டேன், முழுப் பழியும் அவர் தலையில் கிடந்தது. அதோடவே அவர் ஒவ்வொரு போட்டிலும் ஏறிக்கொண்டிருந்தார்.

இன்று குப்பத்தில் ஒரு போட்டும் இறங்கவில்லை. எங்கள் ஆள் செத்தால்தான் அப்படிச் செய்வோம். யாரும் கூட்டம் போட்டு முடிவு பண்ணவில்லை, தானாகவே யாரும் போகவில்லை.

காலையில் ஷெட்டுக்குப் போனேன். எங்கள் குப்பத்து மாரி ரிப்பேருக்குக் கொடுத்த என்ஜின் ஸ்டாண்டில் நிற்கிறது, மூடியின் மேல் சாக்பீஸில் "டிரம் மட்டும்" என்று அண்ணன் கையெழுத்து. கடலில் ஓடித் திரும்பிய பிறகுதான் அதை அழிப்பார். வேறு யாரையும் தொட விடமாட்டார்.

"இத இப்ப யாருடா ஏறிப் பாக்குறது?" என்று மாரி அழுகிறான்.

சாயந்திரம் நாலு மணிக்கு எடுக்கிறார்கள். வீடு வானூர் போகிற ரோட்டில், எல்லோருக்கும் தெரியும். வர முடிந்தவர்கள் வாருங்கள்.

மாரி போட்டில் நாளைக்கு நான் ஏறுகிறேன். முழு வெயிட்டோடு.

ஏழுமலைண்ணா... அன்னிக்குக் கரையிலயே ரெண்டு தடவ நின்னுச்சுண்ணா. நாலு பேருக்கு நானே சொல்லிடுறேன். நீங்க போங்க.