வியாழக்கிழமைப் பிழைகள்

ஒரு கணினிக்குள்ளேயே இன்னொரு கணினி ஓடும் என்பது எங்கள் அலுவலகத்தில் ஓடாலிஸைத் தவிர யாருக்கும் சரியாகப் புரியாத விஷயம். எனக்கும் புரியாது. புரிந்துகொண்டு ஆகப்போவதும் ஒன்றுமில்லை. சான்க்தி ஸ்பிரிதுஸ் மாகாணத்து அணைகளில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது, மழை எவ்வளவு பெய்தது என்று கணக்கெடுத்து ஹவானாவுக்கு அனுப்புவது எங்கள் வேலை. கணக்கை அவள் எடுப்பாள், அறிக்கையை நான் தட்டச்சு செய்வேன். எதிரெதிர் மேசை. அவள் பெருமூச்சு விட்டால் என் காகிதம் பறக்கும்.

ஓடாலிஸ் பக்கத்து ஊரான கபாய்குவான்காரி. அப்பா புகையிலை தரம் பிரிக்கிறவர். இளைஞர் கணினி மன்றத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவள், அங்கே வேலை பார்த்த ரெய்னியரைக் கட்டிக்கொண்டு எங்கள் அலுவலகத்துக்கு வந்தாள். ரெய்னியரும் பின்னாலேயே வந்து சேர்ந்தான். அணைக்கணக்கு போடும் மென்பொருள் லினக்ஸில்தான் ஓடும். எங்கள் அச்சு இயந்திரமோ விண்டோஸைத் தவிர யார் பேச்சையும் கேட்காது. இரண்டுக்கும் நடுவில் நாங்கள் திண்டாடியபோது, விண்டோஸ் கணினிக்குள்ளேயே ஒரு பொய்க் கணினியை உண்டாக்கி, அதற்குள் லினக்ஸைக் குடிவைத்தவன் ரெய்னியர். அதற்குப் பெயர் மெய்நிகர் கணினியாம். நான் அதை 'உள்ளே இருப்பது' என்பேன்.

அவன் பிழைப்புத் தேடி வெளிநாட்டுக்கு, மொந்தெவிதேயோவுக்குப் போய் மூன்று வருஷம் ஆகிறது. போனதும் இவளைக் கூப்பிட்டான். இவளுடைய அப்பாவுக்கு அப்போது கண் போய்விட்டது. விட்டுவிட்டு எப்படிப் போவாள்? அவன் திரும்பத் திரும்பக் கேட்டான், இவள் திரும்பத் திரும்ப மறுத்தாள். அப்புறம் கேட்பதை நிறுத்திவிட்டான். போன வருஷம் அப்பாவும் போய்ச் சேர்ந்தார். இப்போது இவளைத் தடுக்க யாரும் இல்லை. ஆனால் கூப்பிடவும் யாரும் இல்லை. பிறந்தநாளுக்கு ஒரு போன், புத்தாண்டுக்கு ஒரு போன், அவ்வளவுதான். "நீயே சொல்லேன்டி, நான் வரேன்னு" என்று நானும் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன். "கூப்பிடாத வீட்டுக்கு எப்படிக்கா போறது?" என்பாள். இவளை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

ஒன்று மட்டும் நான் கவனித்திருக்கிறேன். உள்ளே இருக்கும் லினக்ஸ் இன்னும் ரெய்னியர் பெயரில்தான் திறக்கும். தினமும் காலையில் வந்து, காப்பியை வாயில் வைப்பதற்கு முன், அவன் பெயரைத் தட்டித்தான் உள்ளே போவாள். மாற்றிக்கொள்ளச் சொல்லி யாரோ சொன்னதற்கு, "அது கிடக்கட்டும்" என்றாள்.

இந்த வருஷம் ஏப்ரலில் மின்சாரம் போய்த் திரும்பி வந்த வேகத்தில் எங்கள் பழைய கணினி புகைந்துவிட்டது. நல்லவேளையாக 'உள்ளே இருப்பது' பிழைத்தது. அது முழுக்க ஒரே கோப்புதானாம். அதை அப்படியே தூக்கிப் புதிய மடிக்கணினியில் போட்டாள். ஓடியது. ஆனால் நடுத்திரையில் ஒரு தபால்தலை அளவு சன்னல் மட்டும் தெரிந்தது. உள்ளே இருந்து வெளியே ஒரு கோப்பை எடுக்க முடியவில்லை, ஓர் எண்ணைக்கூட நகலெடுத்து ஒட்ட முடியவில்லை. வெளியே இருக்கும் விண்டோஸும் உள்ளே இருக்கும் லினக்ஸும் பேசிக்கொள்ள, உள்ளே ஒரு துணை மென்பொருளை நிறுவ வேண்டும். பழையது புதிய கணினிக்குப் பொருந்தவில்லை. புதியதை நிறுவப் போனால் பிழை, பிழை, பிழை.

ஆகவே ஓடாலிஸ் கண்ணைச் சுருக்கிக்கொண்டு எண்களைப் படிப்பாள், நான் தட்டச்சு செய்வேன். சாசா அணை, இத்தனை. லெப்ரிஹே, இத்தனை. எனக்குக் கோபமாக வரும். "இதைக் கட்டினவனையே கேளுடி!" என்று ஒருநாள் கத்தினேன்.

கேட்டாள். அப்படித்தான் ஆரம்பித்தது.

ரெய்னியர் அங்கே ஒரு கடையில் கணினி பழுதுபார்க்கிறான். வியாழக்கிழமை மதியம் அவனுக்கு ஓய்வு. அந்த நேரத்துக்குக் கூப்பிடுவான். ஓடாலிஸின் போனில் காதில் வைத்துக் கேட்கும் ஒலிபெருக்கி செத்துப் பல காலமாயிற்று. சத்தமாக வைத்தால்தான் கேட்கும். எனவே நான் ஒட்டுக்கேட்டேன் என்று யாரும் சொல்ல முடியாது. கேட்டுத் தொலைத்தேன்.

முதல் வாரம், "நிர்வாகி உரிமையோட ஓட்டிப் பாரு" என்றான். ஓட்டினாள். கம்பைலர் என்று ஏதோ ஒரு மென்பொருள் இல்லை என்றது. அடுத்த வாரம் கம்பைலர். எங்கள் இணையத்தில் அதை இறக்குவதற்குள் மழைக்காலம் முடிந்துவிடும் என்பதால், பல்கலைக்கழகத்தில் தெரிந்த பையனிடம் லினக்ஸ் மென்பொருள் களஞ்சியம் முழுவதும் அடங்கிய வட்டைக் கடன் வாங்கி வந்தாள். அதற்கடுத்த வாரம், கெர்னல் தலைப்புக் கோப்புகள் பொருந்தவில்லை.

"அது என்னடி தலைப்புக் கோப்பு?" என்று கேட்டேன்.

"அளவு எடுத்த சீட்டு மாதிரிக்கா. கெர்னல்தான் உடம்பு. எந்த உடம்பு இப்போ நிக்குதோ, அதோட அளவு வேணும். பக்கத்து வீட்டுக்காரியோட அளவு வச்சு இவளுக்கு ரவிக்கை தைக்க முடியாதில்ல?"

வட்டில் இருந்தவை புதிய கெர்னலின் அளவுகள். உள்ளே ஓடியதோ பழைய கெர்னல். "அப்போ கெர்னலையே புதுசாக்கிடு" என்றான் ரெய்னியர். ஆக்கினாள். அப்படியும் அதே பிழை.

ஆனால் பிழை ஒரு நிமிஷம்தான். மீதி நேரமெல்லாம் வேறு பேச்சு.

"அங்க இப்போ குளிரா?"

"எலும்பு நடுங்குது. இங்க பீன்ஸுல உப்பே போட மாட்டாங்க தெரியுமா?"

"உனக்கு யாரு சமைச்சுக் குடுக்கறா?"

"யாரு? நான்தான்."

அந்த 'நான்தான்' என்பதைக் கேட்டுவிட்டு ஓடாலிஸ் அன்று முழுக்கப் பாட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். வியாழக்கிழமை என்றால் காதில் தோடு, உதட்டில் சாயம். வெள்ளிக்கிழமை பழையபடி எண்ணெய் வழியும் கொண்டை. எனக்கு மூன்று புருஷன்கள் வாய்த்துப் போனார்கள். இந்த நோயின் அறிகுறி எனக்குத் தெரியாதா?

ஜூன் மாதம் ஒரு புதன்கிழமை எங்கள் தலைவர் எவேலியோ அறைக்கு வந்தார். நல்ல மனிதர்தான், ஆனால் ஹவானாவிலிருந்து ஒரு போன் வந்தால் தொடை நடுங்கும்.

"ஓடாலிஸ், மழை வந்துடுச்சு. தினமும் கணக்கு கேக்கறாங்க. நீ இன்னும் வாயால சொல்ல, ஸொராய்தா கையால அடிக்க... இது என்ன ரேடியோ நாடகமா?"

"சரி பண்ணிட்டிருக்கேன், தலைவரே."

"ரெண்டு மாசமா பண்ணிட்டிருக்க. வெள்ளிக்கிழமை மாகாண ஆபீஸ்லேருந்து ஆள் வரான். அந்த லினக்ஸை அழிச்சுட்டு புதுசா வேற போட்டுக் குடுத்துடுவான். எனக்கு அச்சுல வரணும், அவ்வளவுதான்."

"அழிக்கறதா?"

"பின்னே? பூஜையா பண்றது?"

அவர் போனதும் ஓடாலிஸ் அந்தத் தபால்தலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறுதலாக நான் எதையோ சொன்னேன், அவள் காதில் விழவில்லை.

மறுநாள் வியாழக்கிழமை. எனக்கு முன்பே வந்திருந்தாள். தோடு இல்லை, சாயம் இல்லை. அன்று பத்து மணிக்கு எங்கள் பகுதிக்கு மின்வெட்டு என்று அறிவித்திருந்தார்கள். வழக்கமாக மின்சாரம் போவதற்கு முன் 'உள்ளே இருப்பதை' அணைக்க மாட்டாள். இருக்கும் நிலையிலேயே அப்படியே உறைய வைத்துவிட்டு, மின்சாரம் வந்ததும் விட்ட இடத்திலிருந்து எழுப்புவாள். அவள் மட்டுமில்லை, இந்த ஊரில் எல்லோருக்கும் அதே பழக்கம்தான். தினம் இரண்டு தடவை மின்சாரம் போகிற ஊரில் யார் அணைத்து அணைத்து ஏற்றிக்கொண்டிருப்பது?

அன்று அவள் உறைய வைக்கவில்லை. லினக்ஸை முறையாக அணைத்தாள். சன்னல் மூடியது. பிறகு முதலிலிருந்து ஏற்றினாள். துணை மென்பொருளை ஓட்டினாள். கறுப்புத் திரையில் எழுத்துகள் மளமளவென்று ஓடின. சிவப்பாக ஒரு வரிகூட வரவில்லை. மறுபடி ஏற்றியபோது தபால்தலை விரிந்து திரை முழுவதும் நிறைந்தது. இரண்டுக்கும் பொதுவான கோப்புறையைத் திறந்தாள், அனுமதி இல்லை என்றது. ஒரு வரி தட்டினாள், ரெய்னியரின் பெயரைக் குழுவில் சேர்த்தாள், வெளியே போய் மறுபடி உள்ளே புகுந்தாள். திறந்தது. என் காப்பிகூட இன்னும் ஆறவில்லை.

"அடிப்பாவி!" என்றேன். "என்னடி மந்திரம் இது?"

"மந்திரம் இல்லக்கா. புது கெர்னல் போட்டாலும் ஒரு தடவை முழுசா அணைச்சு ஏத்தினாதான் அது நடைமுறைக்கு வரும். நாமதான் அணைக்கறதே இல்லையே, உறைய வச்சு உறைய வச்சு எழுப்பறோம். பழைய கெர்னல்தான் ஓடிட்டே இருந்துது."

"இது ரெய்னியருக்குத் தெரியாதா?"

"அவன் இருக்கற ஊர்ல மின்சாரம் போறதில்ல. ஏத்தியிருப்பேன்னு நினைச்சிருப்பான்."

"உனக்கு?"

அவள் திரையைத் துடைக்க ஆரம்பித்தாள். தூங்குகிறவளை எழுப்பலாம், தூங்குவது போல் நடிக்கிறவளை எழுப்ப முடியுமா? கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு இரண்டு மாதம் நெய்க்கு அலைந்திருக்கிறாள். நானும் சாசா அணையை விரலால் அடித்துத் தேய்ந்திருக்கிறேன்.

"ஏன்டி?" என்றேன். திட்டத்தான் ஆரம்பித்தேன், ஆனால் குரல் அப்படி வரவில்லை.

"சரியாயிடுச்சுன்னா வியாழக்கிழமை அவன் எதுக்குக்கா கூப்பிடப் போறான்?" என்றாள். "ஆனா அழிக்கறேங்கறாங்களே. அவன் கையால கட்டினது. அதை அழிக்க விடவும் என்னால முடியல."

அணைக்கணக்கை அச்சுக்கு அனுப்பினாள். தாள் தாளாக வந்தது. எவேலியோ வந்து பார்த்துவிட்டு, அவள் உச்சந்தலையில் முத்தமிட்டுவிட்டு, தாள்களை அள்ளிக்கொண்டு ஓடினார்.

பத்து மணிக்குப் போன மின்சாரம் மதியம் திரும்பி வந்தது. நாங்கள் கருப்பு அவரைச் சோற்றைத் திறந்து வைத்திருந்தோம். போன் அடித்தது. "இன்னும் அப்படியேதான் இருக்குன்னு சொல்லு, என் வாயிலேருந்து ஒரு வார்த்தை வராது" என்று கிசுகிசுத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அவள் பொய் சொல்ல வேண்டுமென்று நான் மனசார ஆசைப்பட்டேன்.

"சரியாயிடுச்சு, ரெய்னியர்" என்றாள்.

அந்தப் பக்கம் தெருவில் ஏதோ பேருந்து போகும் சத்தம் மட்டும்.

"சரியாயிடுச்சா?"

"ம்."

"திரை பெருசாச்சா?"

"முழுசா."

"கோப்புறை? அனுமதி கேக்குமே. குழுவுல சேர்க்கணும்..."

"சேர்த்துட்டேன். திறக்குது."

"நகலெடுத்து ஒட்டறது? ரெண்டு பக்கமும் பாத்தியா? சில சமயம் ஒரு பக்கம்தான் வேலை செய்யும்."

"ரெண்டு பக்கமும் நல்லாயிருக்கு."

"சத்தம் வருதா?"

"வருது."

"மவுஸ் அங்கங்க சிக்கிக்குமே..."

"சிக்கல."

"அச்சு?"

"காலையிலயே எடுத்துக் குடுத்துட்டேன்."

அவன் இன்னும் தேடிக்கொண்டிருந்தான். கடிகாரம் சரியாக ஓடுகிறதா என்றான். எழுத்துரு உடைகிறதா என்றான். ஏதாவது ஒன்று, ஒரே ஒரு சின்னப் பழுது கிடைத்துவிடாதா என்று இருட்டில் சாவி தேடுகிறவன் மாதிரி அந்தக் குரல் தடவிக்கொண்டே போனது. இந்த மடையனும் அப்படித்தானா? இரண்டு பேரும் இரண்டு மாதமாக ஒரே பிழையைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தார்களா?

"எல்லாம் சரியா இருக்கு, ரெய்னியர்" என்றாள் ஓடாலிஸ். கண்ணிலிருந்து கொட்டுவதைத் துடைக்கக்கூட இல்லை. "நான்தான் சரியா இல்ல. எங்கிட்டதான் எதுவும் வேலை செய்யல."

இணைப்பு அறுந்துவிட்டது என்றே நினைத்தேன், வழக்கமாக அறுந்துவிடும். அன்று அறுபடவில்லை. அவன் குரல் வந்தபோது அது மாறியிருந்தது. பழுதுபார்க்கிறவர்கள் முதலில் கேட்கும் கேள்விதான், ஆனால் அவன் அதை மெதுவாக, பயந்துகொண்டே கேட்டான்.

"எப்போலேருந்து?"

"அப்பா போனாரே, அன்னிலேருந்து" என்றாள். "அன்னிக்கு ராத்திரி நீ போன் பண்ணினே. வந்துடுன்னு சொல்லுவியோன்னு நெனச்சேன். அழாதேன்னு மட்டும் சொல்லிட்டு வச்சுட்டே."

நான் தட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்து கதவைச் சாத்தினேன். அவன் என்ன பதில் சொன்னான் என்று எனக்குத் தெரியாது. என் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக, கேட்கக்கூடியதைக் கேட்காமல் வந்தேன்.